வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள்

பெயின்ற் கடைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் கேட்டு வருகிறவர்களால் ஒரு தொல்லையும் இல்லை; வெள்ளை கேட்டு வருகிறவர்கள்தான் மனிதனின் உயிரை எடுப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில், நல்லூருக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கடையில் இருபத்திரண்டு வருடமாக நிறம் கலந்து கொடுக்கிறேன். சொந்த வீட்டுக்கு ஒரு தடவையாவது பெயின்ற் அடித்துப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். தனி வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். மஞ்சளும் வேண்டாம், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். நடுவிலே ஒன்று வேண்டும். அதற்கு என்ன பேர் என்று கேட்டவருக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. போன கிழமை வந்த ஒருவர் இதை வடிவாகச் சொன்னார்: "வெள்ளையும் வேணும், ஆனால் வெள்ளையாயும் இருக்கக் கூடாது."

கடையில் மெசின் இருக்கிறது. நம்பரை அமத்தினால் வெள்ளை வாளிக்குள் சொட்டுச் சொட்டாக நிறத்தை விட்டுவிடும். ஆனால் எந்த நம்பர் என்று மெசின் சொல்லாது. அதற்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண் என்னுடையது என்றுதான் ஊரில் பேச்சு. என் சொந்தப் பேரை மறந்தவர்களும் 'கலர் அண்ணை' என்றால் கடையைக் காட்டுவார்கள். என் வீட்டு உலை இந்த இரண்டு கண்ணை நம்பித்தான் எரிந்தது. அதே கண் என்னை எப்படி விழுத்தியது என்பதையும் இதில் சொல்லத்தான் போகிறேன். முதலில் மற்றவர்களின் கண்களைப் பற்றிச் சொல்லுகிறேன், ஏனென்றால் அவை என்னை வாய் பிளக்க வைத்த கண்கள்.

கனடாவில் விடியட்டும்

நல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வீடு இங்கே, காசு கனடாவில், நிறம் சொல்லுகிற உரிமையும் கனடாவில். நான் நிறம் பூசிய மாதிரி மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவர் போனைப் பிடித்து மகனுக்குக் காட்டினார். முதல் மட்டையை மகன் "சரியான மஞ்சள்" என்றார். இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவதாக ஒரு சொட்டு நிறமும் விடாத தனி வெள்ளையைக் காட்டினேன். அதுவும் மஞ்சளாம்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவுக்கோ அதைவிடக் கோபம், என் மீது.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே அந்த நேரம் இரவு. படுக்கப் போகிற நேரத்தில் கண்ணுக்கு இதமாக இருக்க அவருடைய போன் தானாகவே மங்கி மஞ்சளாகிவிடுமாம். இங்கே என் மேசையில் பகல் வெயில். ஒரே வெள்ளையை ஒரு தாய் ஒரு பக்கத்தில் நின்றும், மகன் பூமியின் மறுபக்கத்தில் நின்றும் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் கண்டது இரண்டு நிறம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அம்மா போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார். "தம்பி, அந்த மூண்டு மட்டையையும் ஒரு பக்கத்திலை வையுங்கோ. அங்கை விடியட்டும், விடிஞ்சாப் பிறகு சொல்லுறானாம்."

முற்றம் அடித்த பெயின்ற்

இது என்னுடைய படிப்பினை என்றே சொல்ல வேண்டும். அரியாலையில் கடலேரிக் கரையோரமாக வீடு கட்டிய மீன்பிடிக்காரர் ஒருவரும், இணுவிலில் தோட்டம் செய்கிற ஒருவரும் ஒரே கிழமையில் ஒரே நம்பரில் வெள்ளை வாங்கிப் போனார்கள். நல்ல பால் கலந்த மாதிரியான வெள்ளை. பத்து நாள் கழித்து இரண்டு பேரும் ஒரே காலையில் கடை வாசலில் நிற்கிறார்கள். அரியாலைக்காரருக்கு ஹோல் நீலம் அடிக்கிறதாம், ஐஸ் பெட்டிக்குள்ளே இருக்கிற மாதிரிக் குளிருகிறதாம். இணுவில்காரருக்கு ஹோல் ரோஸ் அடிக்கிறதாம், குமர்ப் பிள்ளையின் அறை மாதிரி இருக்கிறதாம். மெசின் பிழை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்கு முன் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை, ஆனால் என்னைத் திட்டுவதில் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஒற்றுமை.

மிச்சமிருந்த பெயின்றை ஒரு பலகையில் பூசிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். அரியாலை வீட்டின் பெரிய யன்னல் கடலேரியைப் பார்த்து இருக்கிறது. தண்ணீரும் வானமும் சேர்ந்து அந்த யன்னலால் உள்ளே கொட்டுகின்றன. என் பலகையும் அங்கே நீலந்தான். அங்கிருந்து நேரே இணுவில். அதே பலகையைச் சுவரோடு வைத்தேன், ரோஸ்! ஏன் என்று விளங்காமல் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். காலை வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. இணுவில் மண்ணை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, காலில் ஒட்டினால் கழுவக் கழுவப் போகாத சிவப்பு. அந்தச் சிவப்பு வெயிலோடு எழும்பி, வாசலால் உள்ளே வந்து, சுவரில் மெல்ல மெல்ல ஏறியது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. முகில் ஒன்று வந்து மறைத்தபோது சுவர் சட்டென்று வெள்ளையானது. முகில் போக மறுபடி ரோஸ். இத்தனை வருடம் நிறம் விற்றவன், மண் சுவருக்கு நிறம் அடிப்பதை அன்றுதான் கண்டேன்.

இருவருக்கும் வேறு வேறு நம்பர் கலந்து கொடுத்தேன். அரியாலைக்கு மஞ்சள் கொஞ்சம் கூட, இணுவிலுக்குச் சிவப்பே இல்லாமல். அன்றிலிருந்து வீட்டைப் பார்க்காமல் நான் யாருக்கும் வெள்ளை சொல்லுவதில்லை. அன்று இணுவில்காரர் என்னோடு கூட இருந்து சுவரையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அப்ப அரைவாசிப் பெயின்றை என்ரை முத்தந்தான் அடிச்சது எண்டுறியள்?"

பன்னிரண்டாவது கோப்பை

நாலைந்து வருடத்துக்கு முன் றிஸானா வந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, கல்யாணம் முடித்து, இப்போது யாழ்ப்பாண நகரில் தகப்பனின் வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார். உம்மா அடித்திருந்த அந்த வெள்ளைதான் வேண்டும் என்றார். இடையில் அந்த வீட்டில் யார் யாரோ இருந்து, நீலமும் பச்சையும் அடித்திருந்தார்கள். நான் போய்ப் பழைய சுவிச் பெட்டியைக் கழற்றி அதன் விளிம்பில் மெல்லச் சுரண்டினேன். நீலம், பச்சை, பிறகு ஒரு சுண்ணாம்பு, அதற்கும் கீழே உம்மாவின் வெள்ளை, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு.

றிஸானா அதற்குக் கிட்ட முகத்தை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. "இவ்வளவு மங்கலோ அண்ணை? எனக்குள்ளை நல்ல வெளிச்சமாயெல்லோ இருந்தது" என்றார். பிறகு ஒரு வேலை சொன்னார், என் வாழ்க்கையில் எவரும் சொல்லாத வேலை: சுவரில் இருப்பதை விட்டுவிட்டு, அவருடைய ஞாபகத்தில் இருப்பதைக் கலக்க வேண்டும்!

கடைக்குத் திரும்பி வந்து தேநீர்க் கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். அவர் கண்ணை மூடுவார், திறந்து கோப்பையைப் பார்ப்பார், தலையாட்டுவார், இல்லை. பதினொரு கோப்பை இப்படிப் போயிற்று. முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு வெளிச்சத்துக்கு ஒரு மனிசி இவ்வளவு கணக்காக "இது இல்லை" என்று சொல்ல முடியும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. பன்னிரண்டாவது கோப்பையைப் பார்த்ததும் அவர் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். என் கண்ணும் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போகும்போது சொன்னார்: "சுவரிலை இருந்தது உம்மா அடிச்சது அண்ணை. இது உம்மா இருக்கேக்கை நான் பார்த்தது."

எனக்கா நம்பர்?

அதற்கு அடுத்த வருடம் என் வீட்டுக்கு முறை வந்தது. அந்த நாளில் கடையில் வெளிச்சம் போதவில்லை என்று எனக்கு ஒரே எரிச்சல். முதலாளியோடு சண்டை பிடித்து ரியூப் லைற் எல்லாம் மாற்றுவித்தேன். புது லைற்றும் மங்கல்தான். கம்பனிகள் இப்போது ஒன்றையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் குறை சொன்னேன். கண்ணில் ஏதாவது இருக்கலாம் என்று ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. என் கண்ணில் குறை என்பது, மீனுக்கு நீந்தத் தெரியாது என்பது மாதிரி.

வீட்டுக்கு வெள்ளை என்றதும் முதலாளி, "நம்பரைச் சொல்லும், மெசினிலை போட்டு அனுப்புறன்" என்றார். எனக்கா நம்பர்? மெசின் ஊருக்கு, என் வீட்டுக்கு என் கை. தனி வெள்ளை வாளியைக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்து, மஞ்சள் போத்தலைத் திறந்து நானே விட்டேன். ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன், வெள்ளையாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்போதும் வெள்ளை. போத்தலில் பாதி போன பிறகுதான் நான் நினைத்த இதம் வந்தது. மூன்று நாள் லீவு போட்டு நானே அடித்தேன். முடித்துவிட்டு ஹோலின் நடுவில் நின்று பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் இப்படியொரு வெள்ளை நான் யாருக்கும் கலந்ததில்லை!

எதிர் வீட்டு இளைப்பாறிய தபால் அதிபர் வந்து பார்த்தார். சுவரை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, கலர் அண்ணையின் வீட்டில் இருப்பதுதான் இப்போதைய நாகரிகம் என்று தீர்மானித்துத் தன் முன்னறைக்கும் அதையே கலந்து வாங்கிப் போனார். என் மனைவி வதனி மட்டும் சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "கொஞ்சம் மஞ்சள் மாதிரி இல்லையோ?" என்று கேட்டாள். உனக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவள் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். "சரி, உங்கடை தொழில், உங்கடை கண். நான் என்னத்தைக் கண்டன்."

எண்ணெய் பட்ட இடம்

போன வருடம் நல்லூரில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போன மேசன் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். எண்பது வயதை நெருங்கிய ஒரு அம்மா, புருஷன் செத்து ஒரு வருடமாகப் போகிறது. ஆட்டைத் திவசத்துக்குப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், வீடு முழுக்க அடிக்க வேண்டும். ஆனால் ஹோலில், சாய்மனைக் கதிரைக்குப் பின்னால், ஒரு கை அகலத்துக்குச் சுவரைத் தொடக்கூடாது. ஐம்பது வருடமாக அந்த மனிதர் அந்தக் கதிரையில் இருந்து தலையைச் சாய்த்துப் பேப்பர் வாசித்ததில், தலை எண்ணெய் ஊறிச் சுவரில் வட்டமாக ஒரு தடம். அது இருக்க வேண்டும். சுற்றி அடிக்கிற புதுப் பெயின்ற் பழைய சுவரோடு பொருந்த வேண்டும், ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியக் கூடாது. கடைக்குக் கொண்டுபோய் மட்டைகளோடு வைத்துப் பார்க்கச் சுவரில் ஒரு துண்டு கிள்ளவும் அம்மா விடவில்லை. கண்ணால்தான் பொருத்த வேண்டும். அதற்குத்தானே கலர் அண்ணை இருக்கிறேன்!

போத்தல்களோடு போய் ஐந்து கோப்பை கலந்து, சுவரில் விரல் அகலத்துக்குத் தொட்டு வைத்தேன். ஐந்தும் சுவரோடு ஒன்றாகவே தெரிந்தன. எதைச் சொன்னாலும் சரிதான் என்று ஒன்றைக் காட்டி, "இது அப்பிடியே ஒண்டுதான் அம்மா" என்றேன். அறையின் மறுகோடியில் இருந்து அவர் சொன்னார், "இல்லைத் தம்பி, உது நல்ல மஞ்சள். பக்கத்திலை நிக்கிற உமக்குத் தெரியேல்லையோ?" மேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லைற் மங்கல் இல்லை. மங்கியது நான். வெளியே வந்து கிணற்றுக் கட்டில் இருந்தேன். நிறம் தெரியாத கலர் அண்ணைக்குக் கடையில் என்ன வேலை? ஐம்பத்தேழு வயதில் வேறு எந்தத் தொழிலை நான் பழகுவது?

உள்ளே போய் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, வேறு ஆளைப் பிடியுங்கள் என்றேன். அவர் வேறு ஆளைத் தேடவில்லை. புருஷனின் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்துகொண்டு, "நீர் கலவும், நான் சொல்லுறன்" என்றார். கொஞ்சம் கூட. இல்லை, கூடிப்போச்சு. தோய்ச்சுத் தோய்ச்சுப் பழசான வேட்டி மாதிரி வர வேணும். ஆ, கிட்ட வந்திட்டுது, இன்னும் ஒரு சொட்டு. நான் கையாகவும் அவர் கண்ணாகவும் ஒரு மணித்தியாலம் வேலை செய்தோம். மேசன் அடித்துக் காய்ந்த பிறகு இரண்டடி தள்ளி நின்று புதுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடினார், அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வட்டத் தடம் மட்டும் யாரோ இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி இருந்தது. நான் கும்பிட்டேன், அம்மாவையா சுவரையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்தார். "என்ரை மனிசன்ரை தலை பட்ட இடம் இனி ஒரு இடமும் போகாது. நீர் முதல் உம்மடை கண்ணைக் கொண்டுபோய்க் காட்டும்."

கட்டு அவிழ்த்தபோது

இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருப்பதாக டொக்டர் சொன்னார். பேருக்குத்தான் வெள்ளை. பார்க்கிறவனுக்கு உலகம் முழுவதையும் அது மஞ்சளாக்கிவிடுமாம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, அவனுக்கே தெரியாமல். முதலில் வலக்கண்ணுக்கு ஒப்பரேஷன், சில மாதம் கழித்து இடக்கண்ணுக்கு என்றார். ஒப்பரேஷன் அன்று, அது பிழையாகிப் போனால் என்ன செய்வது என்ற பயத்தோடுதான் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

மறுநாள் காலை ஒரு தாதி வந்து கட்டை அவிழ்த்தார். கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது அவருடைய சட்டை. அப்படியொரு வெள்ளை உலகத்தில் இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அதற்குள் நீலம் இருந்தது, நிழல் இருந்தது, மடிப்புக்கு மடிப்பு வேறு வேறு வெள்ளை இருந்தது. சுவரைப் பார்த்தேன். அது இன்னொரு வெள்ளை. கட்டில் விரிப்பு வேறொன்று. வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தேன், எல்லாம் தேநீர் ஊற்றின மாதிரி ஒரே நிறம். மாற்றி மூடினேன், மறுபடி எல்லாம் வேறு வேறு. ஒரு சின்னப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மூடிக்கொண்டே இருந்தேன், கண்ணீர் ஓடியது. பக்கத்தில் வதனி நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லை. தாதி சிரித்துவிட்டார். "ஐயா, கட்டு அவிட்டா எல்லாரும் முதல் வீட்டு ஆக்களைத்தான் பாப்பினம். நீங்கள் சுவரையெல்லோ பாக்கிறியள்!"

மாம்பழ வீடு

ஓட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வதனி கதவைத் திறந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பிழிந்து கொஞ்சம் பால் விட்டுக் கலக்கி நாலு சுவருக்கும் ஊற்றிய மாதிரி ஒரு மஞ்சள்! வீடு மாறி வந்துவிட்டோமா என்று திரும்பிப் பார்த்தேன். எதிர் வீட்டில் தபால் அதிபரின் முன்னறை யன்னலுக்குள்ளாலும் அதே மஞ்சள் என்னைப் பார்த்தது. மூன்று வருடமாக இதற்குள்தான் சாப்பிட்டு, படுத்து, வந்தவர்களுக்கெல்லாம் சுவரைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைகள் எங்கள் வீட்டை மாம்பழ வீடு என்றுதான் சொல்லுவார்களாம், வதனி அப்போதுதான் சொன்னாள். ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். முதல் நாளே சொன்னேனே என்றாள். பிறகு, என் வெள்ளைச் சேட்டுகளை மூன்று வருடமாக யார் எடுத்து வைக்கிறது என்று கேட்டாள். ஒருநாள் ஒரு செத்த வீட்டுக்கு நான் வெள்ளை என்று நினைத்து மஞ்சள் சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேனாம். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள்தான் எடுத்துக் கதிரையில் போட்டு வைத்திருக்கிறாள். கண்ணைக் காட்டச் சொன்னால் நான் இடிந்துபோவேன் என்று, நானாக உணரும் வரைக்கும் காத்திருந்திருக்கிறாள். உலகத்தில் எத்தனை விதமான வெள்ளை இருக்கிறது என்று அன்று காலை கண்டு நான் அதிசயப்பட்டது பெரிதில்லை. பக்கத்திலேயே இருந்த இந்த மனிசியை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் பெரிது.

வெட்கத்தில் என்ன சொல்லுவதென்று தெரியாமல், நாளைக்கே மெசினில் ஒரு நல்ல நம்பர் போட்டுக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்றி அடிக்கிறேன் என்றேன். வதனி என் வலக்கண்ணுக்கு மருந்து விட்டு, போத்தலை மூடி வைத்தாள். "இஞ்சாருங்கோ, முதல் மற்றக் கண்ணையும் செய்துபோட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு நான் சொல்லுற வெள்ளையை அடிப்பம்."

மற்றக் கண்ணையும் செய்தாயிற்று; இப்போதும் ஊருக்கெல்லாம் நான்தான் கலர் அண்ணை, வீட்டில் மட்டும் வாளி தூக்குகிற வேலை எனக்கும் நிறம் சொல்லுகிற உத்தியோகம் வதனிக்கும் என்று நிரந்தரமாகிவிட்டது.